இளவேனில் தொடக்கத்தில் பாரிஸில் வெளியே அமர்ந்து உண்ண நல்ல உணவகம் தேடுவது: முழுமையான வழிகாட்டி

மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முடிவு வரையான ஆறு வாரங்களுக்கு மட்டுமே இந்த வழிகாட்டி பொருந்தும். ஜூனில் பாரிஸ் வருபவருக்கு இது தேவைப்படாது. ஆனால் இளவேனில் தொடக்கத்தில், ஒரே தெருவின் ஒரு பக்கத்தில் மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டுச் சாப்பிடலாம். எதிர்ப்பக்கத்தில் கையுறை அணிந்திருந்தாலும் பத்து நிமிடம் இருக்க முடியாது.

புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் நட்சத்திரங்களையும் படங்களையும் பார்த்து உணவகத்தைத் தேர்ந்துவிட்டு, அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வெளியே மேசை இருக்கிறதா என்று கேட்கிறார்கள். இந்தப் பருவத்தில் அந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். நாள், நேரம், வெயில் விழும் பக்கம், காற்று ஆகிய நான்கும் முதலில். சமையலின் தரம் அதற்குப் பிறகு. தொலைபேசி அழைப்பு கடைசியில். சமையலைக் குறைத்து மதிப்பதால் இப்படிச் சொல்லவில்லை. நல்ல சமையல் உள்ள இடங்கள் இந்த நகரில் ஏராளம், மார்ச் மாதத்தில் ஒன்றரை மணி நேரம் வெயில் விழும் மேசைகள் சிலவே என்பதால், அரிதானதை முதலில் பிடிப்பது புத்திசாலித்தனம்.

1. புறப்படும் முன் கையில் இருக்க வேண்டியவை

கைபேசியில் மூன்று பொருட்கள் போதும்: வரைபடம், பிரெஞ்சு வானிலைத் துறையான மெத்தேயோ பிரான்ஸின் செயலி, நிழல் எங்கே விழுகிறது என்று நாளும் நேரமும் கொடுத்துப் பார்க்கக்கூடிய ஷேட்மேப் போன்ற ஒரு தளம். மெத்தேயோ பிரான்ஸ் செயலியில் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மழை வருமா என்பதைத் தனியாகக் காட்டும் பகுதி ஒன்று உண்டு. இந்தப் பருவத்தில் நாள் முழுமைக்கான முன்னறிவிப்பைவிட அதுவே பயன்படும். மார்ச் மாதத்தின் திடீர்ச் சாரலுக்குப் பிரெஞ்சில் ‘ஜிபூலே’ என்று தனிப்பெயரே இருக்கிறது. பத்து நிமிடம் ஆலங்கட்டியோடு கொட்டிவிட்டு உடனே வெயில் அடிக்கும்.

உடையில் மேலங்கி எல்லோரும் எடுத்து வருவார்கள், கால்களை மறந்துவிடுவார்கள். உட்கார்ந்திருப்பவருக்குக் குளிர் முதலில் பாதத்திலும் தொடையிலும்தான் ஏறும். தடித்த காலுறையும், கதிரையில் விரிக்கவோ மடியில் போடவோ ஒரு சால்வையும் இருந்தால், இரண்டு பாகை வெப்பம் கூடியது போல இருக்கும். சில உணவகங்கள் கம்பளிப் போர்வை தருகின்றன. அதை நம்பிப் போகக் கூடாது, முதலில் வந்தவர்களோடு அவை தீர்ந்துவிடும்.

2. நாளையும் நேரத்தையும் தீர்மானித்தல்

பாரிஸில் மார்ச் மாதத்தின் சராசரி உச்ச வெப்பநிலை 12, 13 பாகை. ஏப்ரலில் 16, 17 பாகை. எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது நிழலில் அளந்த வெப்பம். என் அனுபவத்தில், நேரடி வெயிலும் மெல்லிய காற்றும் இருந்தால் 12 பாகையில் வசதியாக உண்ணலாம். வெயில் இல்லாவிட்டால் 17 பாகை கூடப் போதாது. எனவே முன்னறிவிப்பில் வெப்பநிலையைவிட மேகத்தையும் காற்றின் வேகத்தையும் முதலில் பாருங்கள்.

இந்தப் பருவத்தில் வெளியே உண்பதற்கு உரிய வேளை மதிய உணவுதான். எந்த மணிக்குப் போவது என்பது மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறைப் பொறுத்தது. அன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்படுகிறது. அதற்கு முன்பு சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ 1 மணிக்கு. அதற்குப் பிறகு ஏறத்தாழ 2 மணிக்கு. உணவகங்களின் மதியச் சமையலோ கடிகாரத்தைப் பின்பற்றி 12 மணிக்குத் தொடங்கி, 2 அல்லது 2.30 மணிக்கு அடுப்பை அணைத்துவிடுகிறது.

ஆகவே நேர மாற்றத்துக்கு முன்பு 12.30 மணிக்கும், மாற்றத்துக்குப் பின்பு 1.15 மணி அளவிலும் போய்ச் சேருங்கள். ஏப்ரலில் வழக்கம்போல 12 மணிக்குப் போய் உட்கார்ந்தால், உணவின் முதற்பாதி நிழலில் கழியும். வெயில் மேசைக்கு வரும்போது நீங்கள் கணக்குச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். மறுபுறம் 2 மணிக்குப் போனால் வெயில் இருக்கும், சமையல்காரர் இருக்க மாட்டார். நாள் முழுவதும் தொடர்ந்து உணவு தரும் பிரசெரி என்னும் வகை உணவகங்கள் மட்டும் இதற்கு விலக்கு.

இரவுணவு வேறு கதை. மார்ச் 20 அளவில் சூரியன் மறைவது ஏறத்தாழ மாலை 7.05 மணிக்கு, இங்கே இரவுணவு தொடங்கும் நேரமும் அதுவே. நேர மாற்றத்துக்குப் பிறகு சூரியாஸ்தமனம் 8.15 மணியைத் தாண்டிவிடும் என்றாலும், சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கியதும் வெப்பம் சட்டென்று விழுந்துவிடுகிறது. ஏப்ரல் நடுப்பகுதிக்கு முன்பு, மாலையில் ஒரு பானம் வெளியே, சாப்பாடு உள்ளே என்று பிரித்துக்கொள்வதே நல்லது.

நாட்களில், ஞாயிறும் திங்களும் பல நல்ல உணவகங்கள் மூடியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஈஸ்டர் திங்கள் பொது விடுமுறை. வெயில் நன்றாக அடிக்கும் முதல் சனிக்கிழமை எதுவோ அன்று முழு நகரமும் வெளியே வந்துவிடும். என்னைக் கேட்டால், செவ்வாய் முதல் வெள்ளி வரை ஒரு நாளைத் தேர்வேன்.

3. வெயில் விழும் பக்கத்தைக் கண்டுபிடித்தல்

சில ஆண்டுகளுக்கு முன் மார்ச் மூன்றாம் வாரத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த என் பெரியம்மாவை ஓர் உணவகத்துக்கு அழைத்துச் சென்றேன். படங்களில் அந்த முற்றம் முழுவதும் மஞ்சள் வெயில். நாங்கள் அமர்ந்தபோது எங்கள் மேசையில் நிழல். எதிரே தெருவைத் தாண்டி, பெயரில்லாத ஒரு காப்பிக் கடையின் முன்னால் நான்கு பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முகத்தை வெயிலுக்குக் காட்டியபடி இருந்தார்கள். பெரியம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டா: “தம்பி, வெயில் அங்காலை கிடக்கு. நாங்கள் ஏன் இங்காலை இருக்கிறம்?” அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. படங்கள் ஜூலையில் எடுக்கப்பட்டவை என்பது பிறகுதான் உறைத்தது.

காரணம் எளிய கணக்கு. மார்ச் 20 அன்று பாரிஸில் நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறத்தாழ 41 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. 20 மீற்றர் உயரமுள்ள கட்டடம் அப்போது 23 மீற்றர் நீளத்துக்கு நிழல் போடும். பாரிஸின் பழைய குடியிருப்புக் கட்டடங்கள் பல ஏறத்தாழ அந்த உயரமே. எனவே கிழக்கு மேற்காக ஓடும் தெரு 23 மீற்றரைவிடக் குறுகியதாக இருந்தால், நண்பகலில் இரண்டு நடைபாதைகளுமே நிழலில்தான் கிடக்கும். ஏப்ரல் 20 அளவில் அதே நிழல் 15 மீற்றராகச் சுருங்கிவிடுகிறது. மார்ச்சில் கைவிட்ட தெருவை ஏப்ரல் இறுதியில் மீண்டும் போய்ப் பார்ப்பது வீண் வேலை ஆகாது.

இதிலிருந்து கிடைக்கும் முதல் விதி: மார்ச்சில் அகன்ற பெருவீதி, சதுக்கம், ஆற்றங்கரை, பூங்காவை நோக்கிய தெரு ஆகியவற்றில் மட்டும் தேடுங்கள். ஏறத்தாழ 30 மீற்றர் அகலமுள்ள சென் ஜெர்மன் பெருவீதியில், தெற்குக் கட்டடங்களின் நிழல் வடக்கு நடைபாதையை எட்டுவதற்கு முன்பே முடிந்துவிடும். ரிவோலி தெருவின் மேற்குப் பகுதிக்கு எதிரே துய்லெரிப் பூங்கா இருப்பதால் அங்கே நிழல் போடக் கட்டடமே இல்லை. ஆனால் அங்கே வளைவுக்கூரை உண்டு, ஆகவே அதன் வெளிவிளிம்பில் உள்ள மேசையைக் கேட்க வேண்டும்.

இரண்டாவது விதி, வரைபடத்தைத் திறக்காமலே முகவரியைக் கொண்டு பக்கத்தைக் கண்டுபிடிப்பது. பாரிஸின் வீட்டு எண்கள் செய்ன் நதியை ஒட்டி அமைந்தவை. நதிக்கு இணையாக ஓடும் தெருக்களில் எண்கள் நீர் ஓடும் திசையில், அதாவது கிழக்கிலிருந்து மேற்காக ஏறும். இரட்டைப்படை எண்கள் வலப்பக்கம். மேற்கு நோக்கி நடப்பவருக்கு வலப்பக்கம் வடக்கு. ஆக, இரட்டைப்படை எண்ணுள்ள கடை தெருவின் வடபுறத்தில் இருந்துகொண்டு தெற்கைப் பார்க்கும், மதிய வெயில் அதற்கே. சென் ஜெர்மன் பெருவீதியில் 172 ஆம் எண்ணில் உள்ள கஃபே து ஃப்ளோர் வெயில் பக்கம். எதிரே 151 இல் உள்ள பிரசெரி லிப் நிழல் பக்கம். ஷான்செலிசே பெருவீதியில் 99 ஆம் எண்ணில் உள்ள ஃபூகேவும் அப்படியே நிழல் பக்கம். இவற்றை உதாரணத்துக்குச் சொல்கிறேனே தவிரச் சாப்பிடச் சொல்லவில்லை. விலைப் பட்டியலைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

நதியிலிருந்து விலகிச் செல்லும் தெருக்களில் எண்கள் நதிப்பக்கம் தொடங்கும். வலக்கரையில், அதாவது நதிக்கு வடக்கே, இரட்டைப்படை எண்கள் கிழக்குப் பக்கம் அமைந்து மேற்கைப் பார்ப்பதால் அவற்றுக்குப் பிற்பகல் வெயில். இடக்கரையில் இது தலைகீழ்: ஒற்றைப்படை எண்களுக்கே பிற்பகல் வெயில். நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியின் ஃபோபூர் சென் தெனி தெரு வலக்கரையில் தெற்கு வடக்காக ஓடுவது. குறுகிய தெருதான் என்றாலும், சூரியன் உச்சியில் நிற்கும் வேளையில் தெருவின் நீளவாட்டில் வெயில் இறங்குவதால், நண்பகலை ஒட்டிச் சிறிது நேரம் அங்கே ஒளி இருக்கும். அந்த நேரத்துக்கு முன்பு மேற்கு நடைபாதையும் பின்பு கிழக்கு நடைபாதையும் வெயிலைப் பெறும்.

விலக்குகளும் உண்டு. மொன்பர்னாஸ் பெருவீதியில் எண்கள் மேற்கிலிருந்து கிழக்காக ஏறுகின்றன; அங்கே 102 இல் உள்ள லா கூபோல் தெற்குப் பக்கம், 99 இல் உள்ள ல செலெக்ட் வடக்குப் பக்கம், வெயில் செலெக்டுக்கு. ஆகவே எண்ணைக் கொண்டு முதலில் சலித்துவிட்டு, எஞ்சிய மூன்று நான்கு இடங்களை மட்டும் நிழல் வரைபடத்தில் நாளும் மணியும் கொடுத்துச் சரிபாருங்கள். எல்லா இடங்களையும் வரைபடத்தில் தேடத் தொடங்கினால் மதிய உணவே முடிந்துவிடும்.

மூன்றாவதாக மரங்கள். கோடையில் நிழலுக்காக நாடும் மரங்கள் நிறைந்த சதுக்கங்கள் மார்ச்சில் இலையின்றி வெறுங்கிளையாக நிற்கும், வெயில் தடையின்றித் தரையைத் தொடும். எனவே “எப்போதும் நிழல்” என்று கோடையில் யாரோ எழுதிய குறிப்பைப் பார்த்து ஒரு சதுக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். மாரே பகுதியில் உள்ள மார்ஷே சென்த் கத்தரின் சதுக்கத்தையும், சித்தே தீவின் தொஃபின் சதுக்கத்தையும் இலை துளிர்க்கும் முன்பு ஒருமுறை பாருங்கள். இரண்டிலும் வாகன இரைச்சல் மிகக் குறைவு. ஏப்ரலில், பாரிஸ் தெருக்களில் நிறைந்திருக்கும் பிளேன் என்னும் வகை மரங்கள் மகரந்தம் கொட்டும், ஒவ்வாமை உள்ளவர்கள் அப்போது அந்த மரங்களை விட்டு விலகி அமர வேண்டும்.

4. காற்றைக் கணக்கில் எடுத்தல்

மார்ச்சின் தெளிந்த வெயில் நாட்கள் பல, வடகிழக்கிலிருந்து வரும் உலர்ந்த குளிர்காற்றோடு வருகின்றன. தெற்கு நோக்கிய கடைக்கு அதன் கட்டடமே பின்னால் மதில்போல நின்று அந்தக் காற்றைத் தடுத்துவிடும். வெயில் பக்கத்தைத் தேர்ந்தவருக்கு இது இலவசமாகக் கிடைக்கும் இரண்டாவது நன்மை.

தெருமுனை மேசைகள் கண்ணுக்கு அழகானவை, ஆனால் இரண்டு தெருக்களின் காற்றும் அங்கே சந்திக்கும். பாலங்களுக்கு அருகேயும் திறந்த ஆற்றங்கரையிலும் அப்படியே. சென் மர்த்தன் கால்வாயோரம் மாலையில் அமர விரும்புபவர், மேற்கைப் பார்க்கும் ஜெமாப் கரையைத் தேர்ந்து, இருபுறமும் கண்ணாடித் தடுப்பு வைத்த கடையைத் தேட வேண்டும்.

வெப்பமூட்டியை நம்ப வேண்டாம். திறந்த வெளியைச் சூடாக்குவது 2022 மார்ச் முடிவிலிருந்து பிரான்ஸ் முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. பழைய படங்களில் தெரியும் சிவந்த விளக்குகள் இன்று எரியாது.

5. எந்த வகைத் தெராஸ் என்று தெரிந்துகொள்ளுதல்

உணவகத்தின் வெளிப்புற அமர்விடத்தை இங்கே எல்லோரும் தெராஸ் என்றே சொல்வார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு பொருட்கள் இருப்பதால்தான் ஏமாற்றம் வருகிறது.

முதலாவது, நடைபாதையில் நிரந்தர அனுமதியோடு மேசை போடும் திறந்த தெராஸ். ஆண்டு முழுவதும் இருக்கும். இரண்டாவது, கண்ணாடியால் முழுவதும் மூடிய தெராஸ். சூடாக்கலாம், புகைக்க முடியாது, மழை நாளுக்கு ஏற்றது, ஆனால் வெளிக்காற்று வேண்டுபவருக்கு அது உள்ளே இருப்பதற்குச் சமம். மூன்றாவது, வாகனம் நிறுத்தும் இடங்களில் மரப்பலகை அடித்து அமைக்கும் கோடைத் தெராஸ். அதற்கான அனுமதி ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரைதான், இரவு 10 மணிக்கு மூடிவிட வேண்டும்.

மார்ச் 25 அன்று போய் “படத்தில் இருந்த மேசைகள் எங்கே” என்று தேடியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் இந்த மூன்றாம் வகை. ஏப்ரல் முதல் வாரத்திலும் பல கடைகள் பலகை அடித்து முடித்திருக்காது. ஆகவே மார்ச்சில் முதல் வகையை மட்டும் நம்புங்கள்.

திறந்த தெராஸில் புகைக்க அனுமதி உண்டு என்பதைக் குழந்தைகளோடு வருபவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். காற்று வரும் பக்கத்து ஓர மேசையைக் கேட்பதைத் தவிர இதற்கு வேறு வழி கிடையாது.

6. சமையலைச் சோதித்தல்

இப்போது உங்கள் பட்டியலில் சில இடங்களே எஞ்சியிருக்கும். இனித்தான் உணவைப் பார்க்க வேண்டும். முதற்சோதனை பட்டியலின் நீளம். விலையோடு கூடிய உணவுப் பட்டியலை வெளியே வைப்பது இங்கே சட்டப்படி கட்டாயம். மதிய உணவுக்குக் குறைந்தது 11.30 மணியிலிருந்து அது தெரிய வேண்டும். கரும்பலகையில் கையால் எழுதிய நான்கு தொடக்க உணவும் நான்கு முதன்மை உணவும் இருந்தால் நல்ல அறிகுறி. ஆறு மொழிகளில், வண்ணப்படங்களோடு, பிளாஸ்டிக் உறையிட்ட எட்டுப் பக்கப் பட்டியல் என்றால் நகர்ந்துவிடுங்கள். வாசலில் நின்று கையசைத்து அழைப்பவர் இருந்தால் பட்டியலைப் படிக்கவே தேவையில்லை.

இரண்டாவது சோதனை இந்தப் பருவத்துக்கே உரியது, மற்ற எல்லாவற்றையும்விட நான் நம்புவது. பட்டியலில் என்ன காய்கறி இருக்கிறது என்று பாருங்கள். மார்ச்சில் லீக்ஸ், கீரை, வேர்க்காய்கள். மாத முடிவிலும் ஏப்ரலிலும் வெள்ளை அஸ்பராகஸ், மோரல் காளான், காரிகெத் ஸ்ட்ராபெரி. இவற்றில் ஒன்றாவது பலகையில் இருந்தால் சமையல்காரர் சந்தைக்குப் போகிறார் என்று பொருள். மார்ச் மாதத்தில் தக்காளி மொசரெல்லா சாலட்டை முதல் வரியில் எழுதும் கடை, ஆண்டு முழுவதும் ஒரே பெட்டியைத் திறக்கிறது.

மூன்றாவது, அரசு தரும் இரண்டு அடையாளங்கள். மூடிக்குப் பதிலாக வீட்டுக்கூரை உள்ள பாத்திரச் சின்னம், ‘ஃபே மேசோன்’, 2014 இல் நடைமுறைக்கு வந்தது. சமைக்காத மூலப்பொருளிலிருந்து அங்கேயே சமைத்தது என்று அர்த்தம். உறையவைத்த மூலப்பொருளுக்கும் அதில் இடம் உண்டு என்பதால், அதை முதல் தகுதியாக மட்டும் கொள்ளுங்கள். மற்றொன்று அலிம் கோன்ஃபியான்ஸ் என்னும் அரசுச் செயலி. உணவகத்தின் பெயரைத் தட்டினால், அண்மையில் சுகாதாரச் சோதனை நடந்திருந்தால் அதன் முடிவை நான்கு நிலைகளில் காட்டும். அதில் பெயர் வராவிட்டால் குறை என்று கொள்ள வேண்டாம், அண்மையில் சோதனை நடக்கவில்லை என்பது மட்டுமே பொருள்.

விமர்சனங்களைப் படிப்பதானால் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் எழுதப்பட்டவற்றை மட்டும் படியுங்கள். ஆகஸ்ட்டில் வேறு பணியாளர்கள், வேறு கூட்டம், சில இடங்களில் வேறு சமையல்காரர்.

சைவம் உண்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் மீன் வரும். சாலட்டில் பன்றி இறைச்சித் துண்டுகள் தூவியிருக்கலாம். காய்கறிச் சூப்பின் அடிச்சாறு கோழியாக இருக்கலாம். இறைச்சி, மீன், கோழிச் சாறு மூன்றையும் தனித்தனியே சொல்லிக் கேட்க வேண்டும், அதுவும் மேசையில் அமரும் முன்பு.

7. தொலைபேசியில் அழைத்தல்

இணையத்தில் முன்பதிவு செய்யும்போது ‘தெராஸ்’ என்று குறிப்பிடும் வசதி இருந்தாலும், பல உணவகங்கள் அதை ஓர் ஆசையாகத்தான் எடுத்துக்கொள்கின்றன, உறுதியாக அல்ல. வானிலை மாறுவதால் வெளி மேசையை முன்கூட்டித் தர அவர்கள் தயங்குவார்கள். எனவே அன்று காலை 10.30 முதல் 11.30 மணிக்குள் அழையுங்கள். அதற்கு முன் யாரும் எடுக்க மாட்டார்கள், அதற்குப் பின் யாருக்கும் நேரமில்லை.

“போன்ஜூர்” என்று தொடங்காத அழைப்புக்கு இங்கே நல்ல பதில் கிடைக்காது. பிறகு மூன்று கேள்விகள், இதே வரிசையில்: இன்று தெராஸ் திறந்திருக்கிறதா? அங்கே முழு உணவும் பரிமாறுவீர்களா, பானம் மட்டுமா? மழை வந்தால் உள்ளே மாறி அமர இடம் இருக்குமா? இரண்டாவது கேள்வியைத் தவறவிடுபவர்கள் அதிகம். மார்ச்சில் ஆட்கள் குறைவாக இருக்கும்போது, சில கடைகள் வெளியே காப்பி மட்டும் தரும்.

மூன்றாவது கேள்விக்கான எளிய வழி, மேசையை உள்ளே பதிவு செய்துவிட்டு, “வெயில் இருந்தால் ஆன் தெராஸ்”, அதாவது தெராஸில், என்று சேர்த்துச் சொல்வது. வெளியே பதிவு செய்தவர் மழை வந்தால் தெருவில் நிற்பார், உள்ளே பதிவு செய்தவருக்கு இரண்டுமே உண்டு. அவர்களுக்கும் இது உவப்பானது, ஏனெனில் நீங்கள் வெளியே போனால் அவர்களுக்கு உள்ளே ஒரு மேசை மிஞ்சும்.

8. போய்ச் சேர்ந்ததும் மேசையைத் தேர்தல்

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். வெயில் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஒரு கணம் நின்று பாருங்கள். இந்தப் பகுதியில் சூரியன் தெற்கு வழியாக, இடமிருந்து வலமாக நகரும். தெற்கு நோக்கி நின்று வலக்கைப் பக்கத்தில் உயரமான கட்டடமோ கூரைத்துணியோ இருந்தால், அடுத்த அரை மணியில் நிழல் அங்கிருந்துதான் வரும். இப்போது முழு வெயிலில் இருக்கும் மேசையைவிட, நிழலின் விளிம்பு விலகிப் போய்க்கொண்டிருக்கும் மேசையே ஒன்றரை மணி நேரத்துக்கு நல்லது.

அடுத்து, மேசையின் மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள். கத்தி, முள்கரண்டி, காகித விரிப்பு, கண்ணாடிக் குவளை வைத்திருந்தால் அது உண்பவருக்கான மேசை; வெறுமையாக இருந்தால் பானம் அருந்துபவருக்கு. மதிய நேரத்தில் விரிப்புள்ள மேசையில் அமர்ந்து ஒரு காப்பி கேட்டால் எழுப்பிவிடுவார்கள். அது அவமதிப்பு அல்ல. அதுபோல வெறும் மேசையில் அமர்ந்து அரை மணி உணவுப் பட்டியலுக்காகக் காத்திருப்பதும் நடக்கிறது. உணவகம் என்றால் வாசலில் நின்று எத்தனை பேர் என்று சொல்லி, காட்டிய இடத்தில் அமர்வது முறை. கஃபேயில் பானத்துக்கு என்றால் நீங்களே அமரலாம்.

சுவரை ஒட்டிய வரிசையைக் கேளுங்கள். காலையிலிருந்து வெயில் வாங்கிய கல் சுவர் மெல்ல வெப்பத்தைத் திருப்பித் தருகிறது, நடந்து செல்பவர்களின் பைகளும் தோளில் இடிக்காது.

9. கட்டளையும் கணக்கும்

வெளியே உணவு விரைவில் ஆறிவிடும். தோசை போன்ற மெல்லிய கிரேப்பும் அகன்ற தட்டில் வரும் மீனும் நான்கு நிமிடத்தில் குளிர்ந்துவிடும். இரும்புச் சட்டியில் வரும் குழம்பு வகை, கிண்ணத்தில் பாலாடைக்கட்டி உருகி மூடிய வெங்காயச் சூப் போன்றவை சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவரச் சொல்லாமல், ஒன்றை முடித்த பின் அடுத்ததைக் கேட்பது இந்தக் காலத்தில் வசதி.

கஃபேக்களில் நின்று குடிக்கும் விலை வேறு, அமர்ந்து குடிக்கும் விலை வேறாக இருக்கலாம்; தெராஸில் கூடுதலாக வாங்கினால் அதை விலைப்பலகையில் காட்டியிருக்க வேண்டும். சேவைக் கட்டணம் விலைக்குள் அடங்கியது, அதற்கு மேல் தருவது உங்கள் விருப்பம். குழாய்த் தண்ணீர்க் குடுவையும் ரொட்டியும் உணவோடு இலவசம். ‘கராஃப் தோ’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தண்ணீர் என்று பொதுவாகக் கேட்டால் போத்தல் திறந்து வரும், அது கணக்கில் ஏறும்.

உணவு வந்த பிறகு சாரல் பிடித்தால் உடனே எழுந்து ஓட வேண்டாம். செயலியில் அடுத்த ஒரு மணியைப் பாருங்கள். பத்து நிமிடச் சாரல் என்றால் பரிமாறுபவர் கூரைத்துணியை இறக்குவார். தட்டைச் சுவர்ப் பக்கம் நகர்த்திக்கொண்டு இருக்கலாம். நீண்ட மழை என்றால் அவருக்குக் கையைக் காட்டி, காலையில் தொலைபேசியில் பேசி வைத்த உள் மேசையைக் கேளுங்கள். உங்கள் குவளையை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், தட்டுகளை அவர்கள் கொண்டுவருவார்கள்.